குதிரைச் சொல்லும் குதிரைப் பேணலும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் குதிரையைப் பற்றி எழுதப் புகுந்தான் என்றால், புரவி, பரி, இவுளி, கலிமா என்று நிகண்டிலுள்ள பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டு அமைவான் என்றே நண்பர் பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் முழுதும் பிழையன்று. அப்பெயர்களை ஓதி மனப்பாடம் செய்தவன்தான் யான். ஆயினும் இங்கு யான் சொல்ல விழைவது வேறு. குதிரையைப் புகழ்வதற்கு நம்மிடம் சொற்கள் நிரம்ப உள. அதனைப் பேணுவதற்கும், அதன் நோயைச் சொல்லுவதற்கும், அதன் வயதையும் அடையாளத்தையும் குறித்து வைப்பதற்கும் உரிய சொற்களையோ நாம் கைநழுவ விட்டு வருகிறோம். அவை இறந்துபட்ட சொற்களல்ல. குதிரை வளர்ப்போர் வாயில் இன்றும் வாழ்கின்றன. நூல் கற்ற நாமே அவற்றைச் சொல்லென்று மதியாது விட்டோம். இக்குறை நீங்கவேண்டும் என்பதே என் கருத்து.

இக்கருத்து எழுந்த வரலாற்றை முதற்கண் கூறுவேன். சென்னைக் கிண்டியிலுள்ள பந்தயத் திடல் 1777-இல் தோன்றியதென்பர். சென்னைப் பந்தயக் கழகம் 1896-இல் அமைந்தது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டரசு 1974-இல் சட்டம் இயற்றிற்று. உச்சநீதிமன்றம் 1996-இல் அப்பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டமேயன்றி வெறுஞ் சூதன்று எனத் தீர்ப்பளித்தது. பின்னர் 2024 செப்டம்பரில் கிண்டித் திடலின் குத்தகையை அரசு முறித்தது. அவ்வழக்கும் நீதிமன்றம் ஏறிற்று. இச்செய்தியைப் பற்றி எங்கள் விடுதியில் ஒருநாள் இரவு பெரியதொரு சொல்லாட்டம் நிகழ்ந்தது. நண்பர் ஒருவர் பழைய செய்தித்தாள் ஒன்றினின்று பந்தயப் பத்தியை உரக்கப் படித்தார். ‘கோல்ட்’, ‘பில்லி’, ‘மெய்டன்’, ‘ஹேண்டிகேப்’, ‘பர்லாங்’ எனச் சொற்கள் தமிழெழுத்தில் வந்துகொண்டேயிருந்தன. பொருள் உசாவியபோது, ‘கோல்ட்’ என்பது பொன்னென்றார் ஒருவர். குளிர் என்றார் மற்றொருவர். நான்கு வயதிற்கு மேற்படாத, காயடிக்கப்படாத ஆண் குதிரையே அச்சொல்லின் பொருள் என்பதை அங்கிருந்தோருள் ஒருவரும் அறிந்திலர். படிப்பவன் பொருள் அறியாமலே படித்துவிட்டுச் செல்வதற்காகவா தமிழெழுத்து அமைந்தது?

அப்பொழுது நண்பர் ஒருவர், “சூதாடிகளுடைய சொற்கள் நமக்கெதற்கு? திருவள்ளுவர் சூதை ஓர் அதிகாரத்தால் கடிந்தார். கிறிஸ்தவர்களாகிய நாமும் அதனை வெறுக்கிறோம். பந்தயம் ஒழிந்தால் அதன் சொற்களும் உடன் ஒழியட்டும்” என்றார். இது மதிக்கத்தக்க தடையே. பணங்கட்டி ஆடுவதை யானும் விரும்பேன். அதனால் அழிந்த குடும்பங்களைப் பற்றி நம் மாகாணத்தில் கேள்விப்படாதார் இலர். ஆயினும் சூதாடுபவன் மனிதன். குதிரை எக்குற்றமும் அறியாது. திடல்கள் மூடப்பட்டாலும் குதிரை உண்ணும், நோயுறும், கன்று ஈனும், முதுமையடையும். அதற்குத் தீனியிடுபவனும் லாடம் கட்டுபவனும் பேசவேண்டிய சொற்கள் சூதைச் சார்ந்தனவல்ல. மேலும், ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாளப் பவுல் அப்போஸ்தலர் பின்வாங்கினாரல்லர். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் நம் தமிழ் வேதாகமம் வழங்கும் ‘பந்தயச்சாலை’ என்னும் சொல் எத்துணைத் தெளிவுடையது! ‘ரேஸ் கோர்ஸ்’ என்று எழுதுவோர்க்கு அச்சொல் ஏன் நினைவிற்கு வருவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி, பழந்தமிழர் இத்துறையில் எவ்வாறு பெயரிட்டனர் என்பதைக் காண்போம். தொல்காப்பியர் மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர்களை வகுத்தார். யானை, கழுதை முதலியவற்றோடு குதிரையின் இளமைக்கும் கன்று என்னும் பெயர் உரியதென்றார். ஒட்டகம், குதிரை, கழுதை முதலியவற்றின் பெண்ணுக்குப் பெட்டை என்னும் பெயர் தந்தார். குதிரையுள் ஆணைச் சேவல் என்று வழங்குதலும் உண்டெனக் கூறினார். இன்று சேவல் என்றால் கோழியே நம் நினைவிற்கு வரும். ஆயினும் அவ்வாறு உலகம் வழங்கி வந்தமையால், முறையறிந்தோர் அவ்வழக்கை விலக்குதல் கூடாது என்பது அவ்வாசிரியர் கருத்து. ஈண்டு நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. தொல்காப்பியர் தம் அறையில் இருந்தபடியே சொற்களைப் படைத்தாரல்லர். வழங்கிய சொற்களைக் கேட்டுத் தொகுத்து முறைப்படுத்தினார்.

சங்க நூல்களிலும் இவ்வறிவே புலனாகின்றது. கலித்தொகையின் மருதக்கலியில், குதிரையேறி வந்தேன் என்று பொய்யுரைக்கும் தலைவனை நோக்கித் தலைவி ஊடிப் பேசுமிடத்து, குதிரையின் உறுப்பும் அணியும் ஒவ்வொன்றாகப் பெயர் பெறுகின்றன. குதிரை அணியின் பெயர்களை நன்கறிந்த மக்களிடையேதான் அத்தகைய நகைச்சுவை செல்லும். குதிரையைப் பயிற்றுபவனுக்கு வாதுவன் என்றும், அதன் நடைகளுக்கு மல்லகதி, மயூரகதி, வானரகதி முதலிய ஐங்கதி என்றும் பெயர்கள் இருந்தன. குதிரைச் சவுக்கிற்கு மத்திகை என்பது பழம்பெயர். அது கிரேக்க மொழியினின்று வந்தது என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல் வழியே வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. குதிரை கடல் கடந்து வந்தது போலவே குதிரைச் சொற்களும் பல நாடுகளினின்று வந்தன. லகான், ஜீனி, சவாரி, சவுக்கு என்பவை பாரசீகத்திலிருந்து வந்தவை. அவை வந்தமையால் தமிழ் அழிந்துவிடவில்லை. கடிவாளமும் சேணமும் சாட்டையும் அவற்றோடு உடன் வாழ்கின்றன. ஆகவே பிறமொழிச் சொல் ஒன்றும் புகலாகாது என்பது என் வாதமன்று என்பதை நண்பர் அறிவாராக.

பெயர் பலவிருந்தும் பேணும் அறிவு இல்லாதொழியின் என்னாகும் என்பதற்குப் பாண்டி நாட்டு வரலாறே சான்று பகரும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுக் கரையை அடைந்த மார்க்கோ போலோ, ஆர்மசு, ஏடன் முதலிய துறைகளினின்று குதிரைகள் திரள் திரளாக இங்குக் கொணரப்பட்டதைக் குறித்துள்ளார். அரசன் ஆண்டொன்றிற்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். பேணத் தெரியாமையே அதற்குக் காரணம் என்றார். சோற்றையும் சமைத்த இறைச்சியையும் அவற்றிற்கு இட்டனராம். குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டிற்கு வாராதபடி வணிகர்களே தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. குதிரைகள் இறந்தாலன்றோ மறு ஆண்டும் அவர்கள் விற்றல் கூடும்! அவர் தந்த எண்ணில் மிகை இருப்பினும் இருக்கலாம். ஆயினும் அறிவை ஒரு சாராரிடமே அடைத்து வைத்தால் வாயில்லாப் பிராணி மாளும் என்பதில் மிகை யாதுமில்லை.

எங்கள் ஊராகிய புதுவயலுக்கு இக்கதை அயலானதன்று. காரைக்குடியினின்று எங்கள் ஊர் வழியே அறந்தாங்கி சென்று, அதற்கு அப்பால் ஆவுடையார்கோயிலை அடையலாம். அதுவே பழைய திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னொடு சென்ற திருவாதவூரர் அப்பொருளைக் கோயிற் பணிக்குச் செலவிட்டார் என்னும் வரலாறு அவ்வூரைச் சார்ந்தது. அவர் பாடிய திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டவர் கிறிஸ்தவக் குருவாகிய போப் ஐயர் என்பதை நம் கல்லூரி மாணவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. இன்றும் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து சுமந்து செல்லும் புரவியெடுப்பு நடைபெறுகிறது. நிகண்டிலே கிடக்கும் ‘புரவி’ என்னும் சொல்லை எழுத்தறியாத முதியோர் தம் வாயால் இயல்பாகச் சொல்லக் கேட்கலாம்.

சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளில் திருவிழாக் காலத்தே மாட்டுவண்டிப் பந்தயமும் குதிரைவண்டிப் பந்தயமும் சாலைகளில் நிகழ்வதுண்டு. அங்கு மாடுகளைப் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பர். கரிச்சான் என்பதும் சிட்டென்பதும் பறவைகள். விரைந்தோடும் விலங்கிற்குப் பறவையின் பெயர் இடும் இவ்வழக்கைக் காணுங்கால், ஆண் குதிரையைச் சேவல் என்ற பழைய மரபு என் நினைவிற்கு வருகின்றது. பந்தயத் தொலைவைப் ‘போகவர எட்டு மைல்’ என்று அறிவிப்பர். ஒரு சொல்லேனும் அங்குக் கேட்போர்க்கு விளங்காமற் போவதில்லை. வல்லதும் மெல்லியதும் ஒத்து ஓடும்பொருட்டு ஆங்கிலப் பந்தயத்தில் வல்ல குதிரையின்மேல் மிகுந்த பளுவை ஏற்றுவர். அதுவே ‘ஹேண்டிகேப்’ எனப்படுவது. நம்மவரோ பளு ஏற்றாமல் அளவால் வகுப்புப் பிரித்து அதே நேர்மையை நாடினர். இங்ஙனம் ஒப்பிட்டுச் சொன்னால் அவ்வாங்கிலச் சொல்லின் பொருளை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிந்துகொள்வான்; ‘பளுவீடு’ என்றால் போதும்.

இனிச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறையை ஆராய்வோம். ஒரு முறையேனும் வெற்றி பெறாத குதிரையை ஆங்கிலத்தில் ‘மெய்டன்’ என்பர். அது ஆணாயினும் அப்பெயரே. இதனைக் கன்னிக் குதிரை என்று பெயர்ப்பவன் தமிழனை மயக்குகிறான். ‘வெல்லாக் குதிரை’ என்றால் மயக்கமில்லை. இரண்டு குதிரைகள் ஒருசேர எல்லையை அடைவது ‘டெட் ஹீட்’. அதனைச் செத்த சூடு என்பாருண்டோ? ‘சரிக்குச் சரி’ என்பதே நம் வழக்கு. குளம்பின் அடியில் முக்கோணமாய் அமைந்த மெத்தென்ற பகுதியை ஆங்கிலேயர் தவளை என்று அழைப்பர். அப்பகுதியிற் சேறும் ஈரமும் தங்கினால் அழுகிக் குதிரை நொண்டும். நம்மிடையே தவளை என்று எழுதிவைத்தால் குதிரைக்காரன் நகைப்பானேயன்றிக் குளம்பைத் துப்புரவு செய்யான். லாடம் கட்டுவோரிடம் சென்று அவர் வழங்கும் பெயரைக் கேட்டுப் பெறுவதே முறையாகும்.

ஆங்கிலேயர் தம் சொற்களை எங்கிருந்து பெற்றனர்? ‘பர்லாங்’ என்பது உழவுசாலின் நீளம் என்னும் பொருளில் வயலிற் பிறந்தது. எட்டுப் பர்லாங் ஒரு மைலாகும். ‘ஹேண்டிகேப்’ என்பது தொப்பியினுள் கையிட்டு ஆடிய ஒரு பழைய விளையாட்டினின்று வந்தது. ‘ஜாக்கி’ என்பது ஜாக் என்னும் எளிய ஆட்பெயரின் சிறுமை வடிவம். மெல்லோட்டத்தைக் குறிக்கும் ‘கேண்டர்’, காண்டர்பரிக்கு யாத்திரை சென்றோரின் குதிரை நடையால் அமைந்தது. குதிரையின் உயரத்தைக் கையகலத்தால், அதாவது நான்கு அங்குலத்தால், அளப்பதும் அன்னதே. இந்தியாவிற்கு வந்தபின் குதிரைக்காரனுக்குச் ‘சைஸ்’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவர்கள் தம் உழவனிடமும் வழிப்போக்கனிடமும் சொல் கேட்க நாணவில்லை. நாம் மட்டும் ஏன் நம் வண்டிக்காரனிடம் கேட்க நாணுகிறோம்?

இங்கு மற்றொரு சொல்லைப் பற்றி வலியுறுத்திக் கூறவேண்டும். பந்தயத்திற்கென வளர்க்கப்படும் ‘தரோபிரெட்’ இனத்தைத் தமிழில் ‘சாதிக்குதிரை’ என்றும் ‘உயர்சாதிக் குதிரை’ என்றும் எழுதுவோர் உளர். இச்சொல்லை யான் ஏலேன். முதலாவது, அது உண்மைக்கு மாறானது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கீழ்நாட்டினின்று இங்கிலாந்து சென்ற மூன்று பொலிகுதிரைகளையே இவ்வினத்தின் தந்தைவழி முதல்வர்களாகக் கொள்வர். அவை பையர்லி துருக்கி, டார்லி அரபி, கோடால்பின் அரபி என்பன. அவற்றையும் அவை போன்ற கீழ்நாட்டுக் குதிரைகளையும் ஆங்கில நாட்டிலிருந்த பெட்டைகளோடு சேர்த்ததனாலேயே இவ்வினம் தோன்றிற்று. கலப்பினாற் பிறந்ததைக் கலப்பற்ற சாதி என்பது எங்ஙனம் பொருந்தும்? 1791-இல் வெளிவந்த மரபேடு ஒன்றே அதற்கு எல்லை வகுத்தது. அவ்வேட்டிற் பதிவு பெற்ற தாய்தந்தையர்க்குப் பிறந்ததா என்பதே வினா. நம் நாட்டுக் குதிரைகளுக்குரிய மரபேடு பூனாவில் உள்ளது. ஆகவே ‘மரபேட்டுக் குதிரை’ என்பது பொருத்தமான பெயராகும். இரண்டாவது, சாதி என்னும் சொல் நம் நாட்டில் மனிதனுக்குச் செய்த தீங்கு போதும். பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் என்னும் பொய்யை விலங்கின் பெயரிலும் எழுதிவைத்து, அதனைப் படிக்கும் சிறுவன் உள்ளத்தில் இயற்கையே அதற்குச் சான்று என்னும் எண்ணத்தை ஏன் விதைக்கவேண்டும்? தேவனுடைய சாயலாகப் படைக்கப்பட்டவன் மனிதன் என்று நம்புவோர் இதில் சிறிது விழிப்பாயிருத்தல் கடன்.

இனி, என் கருத்துக்கு உயிர்நிலையாகிய பேணற் சொற்களுக்கு வருவேன். சென்ற விடுமுறையில் எங்கள் ஊரில் நிகழ்ந்தது இது. பந்தயக் குதிரை வளர்க்கும் முதியவர் ஒருவரது குதிரை காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. அவர் பேரன் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதேதோ தேடினான், ‘காலிக்’ என்னும் ஒரு சொல் வந்தது, அதன் பொருள் அவனுக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கடைசியிற் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்தோம். பெரியவர் கைப்பேசியை வாங்கி, “ஐயா, வயிறு பொருமியிருக்கிறது. திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது. முன்காலால் மண்ணைப் பறிக்கிறது. படுத்துப் புரளப் பார்க்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது” என்றார். மருத்துவர் கேட்டது ஒரே வினா: “லத்தி போட்டதா, பெரியவரே?” “நேற்று மாலையிலிருந்து இல்லை, ஐயா.” அவ்வளவில் நோய் இன்னதென்பது அவருக்குத் தெளிவாயிற்று, உடனே புறப்பட்டு வந்தார். குதிரை பிழைத்தது.

பின்னர் நூல்களைப் பார்த்தேன். காலிக் என்னும் வயிற்றுநோய்க்கு மேனாட்டார் எழுதிய குறிகள் யாவும் அம்முதியவர் சொல்லில் அடங்கியிருந்தன. குதிரையால் வாந்தியெடுத்தல் இயலாது. அதன் இரைப்பையும் உடம்பை நோக்கச் சிறியது. ஆதலின் அடைபட்டது கீழே இறங்காதாயின் உயிருக்கே தீங்கு. பொருமல், விலா, லத்தி என்னும் சொற்கள் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டனவல்ல. ‘லத்தி’ என்பதை எழுத்தில் எழுதவே நம்மிற் சிலர் கூசுவர். காயடித்த குதிரை என்பதையும் அவ்வாறே மறைத்து எழுதுவர். ஒரு குதிரையின் உயிரைக் காத்த சொல்லைக் காட்டிலும் மதிப்புடைய சொல் யாது?

மற்றொன்றும் கூறுவேன். புதுவயல் அரிசி ஆலைகள் மலிந்த ஊர். தவிடு எளிதிற் கிடைக்கும். கிடைப்பதனால் அதனையே அள்ளியிடும் எண்ணம் எழுவது இயல்பு. தவிட்டில் எரியகம் என்னும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணச்சத்துக் குறைவு. அதனையே நாள்தோறும் மிகுதியாகத் தின்னும் குதிரை தன் எலும்பிலுள்ள சுண்ணத்தை இழக்கும், முகவெலும்பு வீங்கும், நொண்டும். மேனாட்டில் மாவாலைக்காரர் குதிரைகளுக்கு இது வந்தமையால் ஆலைக்காரன் நோய் என்றும், தவிட்டு நோய் என்றும் அழைத்தனர். மருத்துவ நூலில் இதற்குள்ள பெயரோ ஒரு வரி நீளம். ‘தவிட்டு நோய்’ என்ற இரு சொல்லைச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் குதிரை வைத்திருப்பவர் எவரும் நோயின் காரணத்தைப் பெயரிலேயே அறிந்துகொள்வர். மறுநாள் தவிட்டைக் குறைப்பர். இதற்கு ஏற்ற சுண்ணச்சத்து மிக்க தழைகளுள் ஒன்று ‘லூசர்ன்’ என்பது. அதற்குத் தமிழில் உழவர் வழங்கும் பெயர் குதிரைமசால்! யாருக்கு எது தீனி என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது. கொள்ளுக்கு ஆங்கிலேயர் குதிரைப் பயறு என்று பெயரிட்டதும் இத்தகையதே. நல்ல பெயர் பாதி மருந்து என்று யான் துணிந்து கூறுவேன்.

வயது குறிப்பதிலும் இவ்வாறே. மரபேட்டுக் குதிரைகள் எந்நாளிற் பிறந்தாலும் நம் நாட்டில் சனவரி முதல்நாளில் ஒரு வயது கூடியனவாகவே கணக்கிடப்படும். நம் உழவரோ பல்லைப் பார்ப்பர். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்பர். குதிரைக்கும் ஏறத்தாழ இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதுகளில் முன்பற்கள் இரண்டிரண்டாக மாறுகின்றன. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் பழமொழி. விலைக்கு வாங்குபவன் பாராதிருத்தல் பேதைமை. சுழியும் அன்னதே. மாட்டிற்கும் குதிரைக்கும் சுழி பார்ப்பதை மூடவழக்கம் என்று நாம் தள்ளுகிறோம். அதனால் நன்மை தீமை விளையும் என்பதை யானும் நம்பேன். ஆயின் மயிர்ச்சுழி எங்கெங்கு அமைந்துள்ளது என்பது பந்தயக் குதிரைகளின் அடையாளச் சீட்டிலேயே குறிக்கப்படுகின்றது. ஒரு குதிரைக்குப் பதில் மற்றொன்றை ஓட்டி ஏமாற்றாமல் இருக்க அதுவும் ஒரு காவல். மூடநம்பிக்கையை விடுவோம், கண்கூர்மையையும் அதன் சொல்லையும் விடாதிருப்போம்.

“இஃது ஒரு சிறு துறை, இதற்கு இவ்வளவு முயற்சியா?” என்று கேட்கலாம். பெருந்துறை ஒன்றில் ஒருவர் செய்து காட்டியதை நினைவுறுத்துவேன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழ் வழக்கில் உள்ள சொல்லை முதலில் தேடுவதும், கிடைக்காவிடத்துப் பிற மொழியை நாடுவதும் அவர் கைக்கொண்ட முறை. கடல் கடந்து வந்த அயல்நாட்டார் ஒருவர் தமிழ் மருத்துவரிடமும் நூலிடமும் சொல் கேட்டார். தமிழ் நாட்டிற் பிறந்து தமிழே சிறப்புப் பாடமாகக் கற்கும் நாம் நம் ஊர்க் குதிரைக்காரரிடம் கேட்டல் பெரிய தொண்டன்று, சிறிய கடமையே.

ஆதலின் மாணவ நண்பர்களையும் ஆசிரியப் பெருமக்களையும் பழைய மாணவர்களையும் வேண்டிக்கொள்வது இது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டைக் கொண்டு செல்க. லாடம் கட்டுவோர், வண்டி ஓட்டுவோர், சேணம் தைப்போர், கால்நடை மருத்துவர் ஆகியோரிடம் உறுப்பு, நோய், நடை, நிறம், தீனி, கருவி என ஆறு தலைப்பின்கீழ்ச் சொற்களைக் கேட்டு, கேட்டவாறே எழுதுக. ஊரின் பெயரையும் உடன் குறிக்க. திருத்துதலும் செம்மை செய்தலும் பிறகு ஆகுக. நம் தமிழ்க் கழகம் அவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம். நூறு சொல் கிடைப்பினும் நன்றே. கால்நடைத் துறையிற் பணியாற்றும் பழைய மாணவர்கள் அவற்றின் பொருளைச் சரிபார்த்துத் தந்தால் பெரும் உதவியாகும்.

யாக்கோபு அப்போஸ்தலர் தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் குதிரையின் வாயிலிடும் கடிவாளத்தையும் மனிதனின் நாவையும் ஒருங்கு வைத்துப் பேசினார். சிறியதொரு கருவி பெரியதோர் உடலைத் திருப்பும் என்பது அவர் காட்டிய உண்மை. சொல்லும் அத்தகைய சிறு கருவியே. விளங்காத சொல் நோயுற்ற குதிரையின் அருகில் நிற்பவனைக் கையற்றவனாக்கும். விளங்கும் சொல் அவனைச் செயற்படுத்தும். அம்முதியவரின் குதிரை இன்று நலமாயுள்ளது. அடுத்த விடுமுறையில் அவரிடம் சென்று, என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தை அவர் சொற்களாலேயே நிரப்பக் கருதியுள்ளேன்.